செங்கலடிச் சந்தியிலிருந்து மலைக்கு: முதுகுப் பையோடு முதல்முறை போகிறவர்களுக்கு

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஆட்கள் மலைநாடு பார்க்கப் போவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். வான் ஒன்றைப் பிடித்து, சமையல் சாமான்களையும் ஏற்றி, இரவோடு இரவாகக் கண்டி வழியாக நுவரெலியா. குளக்கரையில் படம், பூந்தோட்டத்தில் படம், வளைவுகளில் வாந்தி, அடுத்த இரவே வீடு. குடும்பத்தோடு போக அதுதான் வசதி, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு மூன்று பேராக, ஆளுக்கொரு பையோடு, பஸ்ஸிலோ பைக்கிலோ ஊர் ஊராகத் தங்கிப் போக நினைக்கிறவர்களுக்குக் கண்டிப் பக்கம் போகவே தேவையில்லை. நமக்கான வழி செங்கலடியிலேயே தொடங்கிவிடுகிறது.

பதுளை வீதி என்று நாம் சொல்கிறோமே, கரடியனாற்றுக்கும் புல்லுமலைக்கும் போய்வரும் அதே வீதிதான். ஏ5 என்பது அதன் இலக்கம். மஹாஓயா, பதியத்தலாவை, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை, வெலிமடை, நுவரெலியா, கம்பளை என்று ஏறி இறங்கிப் பேராதனையில் போய் முடிகிறது. நம்மில் பலர் அதன் முதல் முப்பது கிலோமீற்றரை வயலுக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் பாவித்துவிட்டு, மிச்சத்தை மறந்துவிட்டோம். திரும்பி வர ஏ4 இருக்கிறது: வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை, மட்டக்களப்பு. ஆக, ஒரு வழியால் ஏறி மறு வழியால் இறங்கலாம். அம்பாறை ஆட்கள் செங்கலடிக்கு வரவேண்டியதில்லை, உகண வழியாக மஹாஓயாவில் வந்து சேர்ந்துகொள்ளலாம்.

ஐந்து இரவு கையில் இருந்தால் நிதானமாகச் சுற்றலாம். மூன்று இரவுதான் என்றால் பதுளை, பண்டாரவளை, பொத்துவில் என்று தங்கி, நுவரெலியாவை விட்டுவிடுங்கள். ஊர்களைக் கூட்டக் கூட்ட பஸ் நிலையங்களைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

எந்த மாதம்

இதை முதலில் முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் பிறகு. ஐப்பசியிலிருந்து தை வரை நமக்கு மாரி. ஊவாப் பக்கத்துக்கும் அதே வாடைக்காற்றுதான் மழையைக் கொண்டுவருகிறது. இங்கே வெள்ளம் என்றால் அங்கே மண்சரிவு. கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயன்கள் மண்ணுக்குள் போனது 2014 ஒக்டோபர் 29இல். 2025 நவம்பர் கடைசியில் அடித்த டித்வா புயல் மலைநாட்டு வீதிகளையும் ரயில் பாதையையும் பல இடங்களில் பிய்த்துப் போட்டது. அந்த மாதங்களில் பை கட்ட வேண்டாம்.

மாசி, பங்குனி நல்லது. அதைவிட நல்லது ஆனி முதல் ஆவணி வரை. நம் ஊரில் கச்சான் காற்று அடித்து, மத்தியானத்தில் வாசலுக்கு வர முடியாத காலம் அது. அதே கச்சான் மலையைத் தாண்டி வரும்போது ஊவாச் சரிவுகளைக் காயவைக்கிறது. ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வாசம் அந்த யூலை முதல் செப்ரெம்பர் வரையான கொழுந்தில்தான் வருகிறது. நாம் ஏசும் காற்றுக்கு அங்கே நல்ல மரியாதை. நீங்கள் தங்கும் ஊரில் தொழிற்சாலைக் கடை இருந்தால், அந்தப் பருவத்துத் தூள் கால் கிலோ வாங்கி வாருங்கள்.

சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நுவரெலியா வேண்டாம். அறை வாடகை எகிறும், வாகனங்கள் நகராது.

பஸ்ஸா, பைக்கா

முதல்முறை என்றால் பஸ் என்பதே என் கட்சி. ஏற்றத்தை ஓட்டுனர் பார்த்துக்கொள்வார், நீங்கள் யன்னலைப் பார்க்கலாம். மட்டக்களப்பிலிருந்து நேரே பதுளைக்குப் போகும் பஸ் கிடைத்தால் நல்லது. நேரத்தை முதல்நாள் பின்னேரமே பஸ் நிலையத்தில் போய்க் கேளுங்கள், இணையத்தில் இருப்பதை நம்பி விடியற்காலையில் நிற்க வேண்டாம். கிடைக்காவிட்டால் மஹாஓயா, பிபிலை என்று மாறி மாறிப் போகலாம். எப்படியும் விடிந்தவுடன் புறப்பட வேண்டும்.

பைக்கில்தான் போவேன் என்றால், 125 சிசி போதும், ஆனால் இரண்டு பேரும் இரண்டு பெரிய பையும் ஏற்றினால் லுணுகலை ஏற்றத்தில் அது மூச்சுவாங்கும். போவதற்கு முந்திய கிழமை பிரேக் கட்டைகளையும் ரயர்களையும் சங்கிலியையும் காட்டிச் சரிபாருங்கள். சமதரையிலேயே ஓடிப் பழகிய நமக்கு, முன் பிரேக் தேய்ந்திருப்பதே தெரிவதில்லை. லைசன்ஸ், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், அடையாள அட்டை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கட்டும். பின்னால் இருக்கிறவருக்கும் ஒழுங்கான ஹெல்மெட்.

பை

கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போய்வந்த ஆட்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். உகந்தையிலிருந்து குமண, யால காட்டுக்குள்ளால் நடந்தவர்களிடம் பை கட்டுவதைக் கேட்டுப் படியுங்கள். அவர்கள் சொல்லும் முதல் விசயம், பாதியை வீட்டிலேயே வைத்துவிட்டு வா என்பதாகத்தான் இருக்கும். இரண்டு மாற்று உடுப்பு, ஒரு சாரம், துவாய், டோர்ச், சின்னக் குடை அல்லது மழைக்கோட்டு, ஒரு நல்ல சுவெற்றர். சாரம் உடுக்க, போர்க்க, பஸ்ஸில் தலைக்கு வைக்க, வழியில் குளிக்க என்று எல்லாத்துக்கும் உதவும்.

சுவெற்றரை மட்டும் இலேசாக எடுக்காதீர்கள். நமக்குக் குளிர் என்றால் மார்கழி விடியற்காலைதான். நுவரெலியாவில் தை, மாசி இரவுகளில் 10 பாகைக்குக் கீழே இறங்கும், சில காலைகளில் புல்லில் பனி உறையும். அப்புத்தளையில் வெப்பநிலை அவ்வளவு குறையாது, ஆனால் காற்று காதுக்குள்ளால் போகும். காதை மூடும் தொப்பி ஒன்று வாங்குங்கள். ஊரில் கிடைக்காவிட்டால் நுவரெலியாவில் ஜாக்கெட் விற்பதற்கென்றே கடை வரிசை இருக்கிறது.

பஸ்ஸில் தலை சுற்றுகிறவர்கள் முன் சீற்றுக்குப் போங்கள். ஒரு தேசிக்காயும் இரண்டு பொலித்தீன் பையும் கைக்கெட்ட இருக்கட்டும். கையில் சில்லறையும் சின்னத் தாள்களும் வேண்டும். முதல்நாள் சாப்பாடு வீட்டிலேயே கட்டுங்கள். வாழையிலையில் புட்டும் மீன்பொரியலும் மத்தியானம்வரை தாங்கும்.

முதல் நாள்: பதுளை வீதி முழுவதும்

செங்கலடியில் பெற்றோல் நிரப்பிக்கொண்டு திரும்புங்கள். கரடியனாறு தாண்டினால் உறுகாமம் குளம். விடியலில் அந்தக் குளக்கட்டில் பத்து நிமிசம் நிற்கலாம். தோணிக்காரர் வலையைக் கொட்டி மீன் பிரிக்கிற நேரமாக இருந்தால் அந்தப் பத்து நிமிசம் அரை மணியாகும்.

புல்லுமலையிலிருந்து மஹாஓயா வரைக்கும் யானை நடமாடும் பகுதி. பைக்கில் வருகிற பைக்காரருக்கு இது முக்கியம்: காலை ஆறரைக்கு முன்னும் பின்னேரம் நாலரைக்குப் பின்னும் அந்த வீதியில் தனியாக இருக்கக் கூடாது. யானை வீதியில் நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹோர்ன் அடிக்க வேண்டாம், லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்க வேண்டாம், படம் எடுக்கக் கிட்டப் போகவே வேண்டாம். லொறியோ பஸ்ஸோ வரும்வரை காத்திருந்து அதன் பின்னால் போங்கள். எதிரே வருகிறவரை மறித்துக் கேட்பதும் நல்லது. “அலி இன்னவாத?” என்றால் யானை நிற்கிறதா என்று அர்த்தம்.

மஹாஓயாவில் வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன, நகரத்திலிருந்து ஓட்டோவில் கொஞ்சத் தூரம். திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பார்த்தவர்கள் அதே மாதிரி என்று நினைத்து வாளியைக் கவிழ்த்துவிடாதீர்கள். இது அதைவிடக் கடும் சூடு. ஒரு கிணற்றுக்கும் அடுத்ததுக்கும் சூடு வித்தியாசம். அங்கே குளித்துக்கொண்டிருக்கும் ஊர்க்காரரிடம் கைகாட்டிக் கேட்டால், எந்தக் கிணறு உடம்புக்கு ஏற்றது என்று காட்டுவார்கள். முதலில் விரலில் ஒரு சொட்டு, அப்புறம் கை, அப்புறம்தான் தலை.

பதியத்தலாவையில் வீதி பிரியும். வலப்பக்கம் மஹியங்கனை, கண்டி. நமக்கு இடப்பக்கம், பிபிலை. பிபிலை தோடம்பழத்துக்குப் பேர்போன ஊர், பருவமாக இருந்தால் வீதியோரத்திலேயே குவித்து வைத்திருப்பார்கள். வாங்குங்கள், மேலே வளைவுகளில் உதவும். இங்கே தேநீர் குடித்துவிட்டு, பைக்காரர் ரயருக்குக் காற்றும் பார்த்துவிட்டுப் புறப்பட வேண்டும், ஏனென்றால் இதற்குப் பிறகு ஏற்றம் தொடங்குகிறது. பஸ்ஸில் இருந்தால் இஞ்சின் சத்தத்திலேயே தெரியும். லுணுகலைப் பக்கம் றப்பர் மரங்கள், பசறையை நெருங்க நெருங்கத் தேயிலை. காற்று மாறுவது முதலில் கழுத்தில் தெரியும்.

லுணுகலை–பசறை வீதி ஒடுக்கமானது. 2021 மார்ச்சில் 13ஆம் கட்டையடியில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து பல உயிர்கள் போயின. பைக்கில் வருகிறவர்கள் இங்கே யாரையும் முந்த வேண்டாம். மேலேறும் வாகனத்துக்கு வழிவிடுங்கள், வளைவுக்கு முன் ஹோர்ன் அடியுங்கள். காட்டில் அடிக்காதே என்று சொன்ன ஹோர்ன் மலையில் அவசியம்.

இரவு பதுளை. பஸ் நிலையத்தைச் சுற்றிச் சாப்பாட்டுக்கடைகள் உண்டு, சைவக்கடையும் ஹலால் கடையும் கேட்டால் காட்டுவார்கள். அறை எடுக்கும்போது மூன்று கேள்வி: சுடுதண்ணி வருமா, கம்பளி தருவீர்களா, காலையில் எத்தனை மணிக்குக் கேற் திறப்பீர்கள்.

இரண்டாம் நாள்: துன்ஹிந்தையும் ரயிலும்

காலையில் துன்ஹிந்தை. பதுளையிலிருந்து பத்து, பதினைந்து நிமிசம்தான் ஓட்டம், பிறகு ஒன்றரைக் கிலோமீற்றர் அளவு நடை. 64 மீற்றரிலிருந்து விழும் தண்ணீர் கீழே புகையாகத்தான் வந்து சேர்கிறது. செருப்போடு போகாதீர்கள். குரங்குகள் பையைத் திறக்கத் தெரிந்தவை.

பகலில் பதுளையிலிருந்து எல்லவுக்கு ரயில். பாதை பதுளைக்கு வந்து சேர்ந்தது 1924இல், அதுதான் கடைசி நிலையம். ஆகவே நீங்கள் ஏறும்போது பெட்டி காலியாக இருக்கும். எல்லவில் முண்டியடிக்கிற கூட்டத்துக்கு இது தெரியவில்லை. டித்வாவுக்குப் பிறகு எந்தப் பகுதியில் ஓடுகிறது என்று நிலையத்தில் கேட்டுவிட்டு ரிக்கற் எடுங்கள். ஓடாவிட்டால் பஸ் இருக்கிறது. மூன்றாம் வகுப்பே போதும். வடைக்காரர் வந்தால் வாங்குங்கள். சுற்றித் தரும் காகிதம் ஏதோ ஒரு பிள்ளையின் கணக்குக் கொப்பியாக இருக்கும், சிவப்பு மையில் சரியும் பிழையும் எண்ணெயில் ஊறியிருக்கும்.

தெமோதரையில் யன்னலோரம் இருங்கள். ஏற்றத்தைச் சமாளிக்கப் பாதையை ஒரு சுற்றுச் சுற்றவிட்டு, நிலையத்துக்கு அடியில் இருக்கும் சுரங்கத்தால் கொண்டுபோயிருக்கிறார்கள். அதற்கும் எல்லவுக்கும் இடையில் ஒன்பது வளைவுப் பாலம், 1921இல் கட்டியது, ஏறக்குறைய 24 மீற்றர் உயரம். இரும்பு இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் மட்டுமே. எல்லவில் இறங்கி நடந்துபோய்ப் பார்க்கலாம். தண்டவாளத்தில் நின்று படம் எடுக்கிறவர்களைப் பார்த்து நீங்களும் நிற்காதீர்கள். வளைவில் ரயில் வருவது கிட்ட வந்தபிறகுதான் தெரியும்.

சின்னச் சிவனொளிபாதம் என்கிற மலை 1,141 மீற்றர், சுகமான நடை, வயதானவர்களும் ஏறலாம். எல்லக் குன்று கடினம், மழைக்குப் பிறகு அட்டை. சவர்க்காரத்தைக் காலில் பூசிக்கொண்டு போங்கள்.

எல்லவில் இரவு தங்காதீர்கள் என்பேன். பார்க்க வேண்டிய ஊர்தான், ஆனால் விலை வெளிநாட்டாருக்குப் போட்டது, இரவில் பாட்டுச் சத்தம். பஸ்ஸில் ஏறிப் பண்டாரவளைக்குப் போய்விடுங்கள். 1,230 மீற்றரில் நல்ல காலநிலை, கடைத்தெரு நிறையத் தமிழ் கேட்கும், சாப்பாடும் நம் கைக்கு ஏற்ற விலை. பைக்காரர்கள் பைக்கைப் பதுளை அறையிலேயே விட்டு, ரயிலில் போய்ப் பின்னேரம் பஸ்ஸில் திரும்பி, இன்னொரு இரவு அங்கேயே தங்கலாம்.

மூன்றாம் நாள்: அப்புத்தளை

இந்தப் பயணத்தில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். 1,431 மீற்றரில் ஒரு முகட்டின் மேல் இருக்கும் ஊர், இரண்டு பக்கமும் சரிவு. அதிகாலையில் தம்பேதன்னைக்குப் போகும் பஸ்ஸில் ஏறுங்கள். தோட்டத்து ஆட்கள், வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள், மரக்கறி மூட்டைகள் எல்லாம் ஒன்றாகப் போகும். தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தொழிற்சாலையடியில் இறங்கி, அங்கிருந்து லிப்டன் சீற் என்கிற முனைக்கு ஏழு கிலோமீற்றர் அளவு தேயிலைக்குள்ளால் ஏற்றம். ஒன்பது மணிக்குப் பிறகு மூடுபனி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். ஏற முடியாதவர்கள் ஓட்டோ பிடித்து மேலே போய், இறங்கும்போது நடக்கலாம்.

வழியில் கொழுந்து எடுக்கும் அக்காமாரிடம் பேசுங்கள், நம் பேச்சைக் கேட்டவுடன் எந்த ஊர் என்று கேட்பார்கள். மட்டக்களப்பு என்றால் அங்கே போய்க் குடியேறிய ஒரு சொந்தத்தின் கதையும் வரக்கூடும். படம் எடுப்பதென்றால் கேட்டு எடுங்கள். கொழுந்து நிறுக்கிற நேரத்தில் மறிக்க வேண்டாம், அது அவர்களுடைய நாள்கூலி. லயன் வாசலுக்குள் சொல்லாமல் நுழைவதும் கூடாது. அது ஒருவர் வீடு.

கடையில் கோதுமை ரொட்டியும் கட்டைச்சம்பலும் கேளுங்கள். பிளேன்டீ சொன்னால் சீனி தனியாகக் கையில் வரும், கடித்துக்கொண்டு குடிப்பது.

நுவரெலியா, விரும்பினால்

அப்புத்தளையிலிருந்து ரயில் ஓடினால் நானுஓயா, அங்கிருந்து பஸ். வழியில் பட்டிப்பொல, 1,891 மீற்றர், நாட்டிலேயே உயரமான நிலையம். கிரெகரி வாவி 1873இல் ஆளுநர் வில்லியம் கிரெகரியின் காலத்தில் வெட்டியது. எங்கள் மட்டக்களப்பு வாவியைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது ஒரு பெரிய குளம்தான், ஆனால் விடியற்காலையில் படகுகள் கட்டியிருக்கும்போது கரையால் ஒரு சுற்று நடக்கலாம். திரும்பும்போது சீதாஎலிய அம்மன் கோயில், ஹக்கலை, வெலிமடை வழியாகப் பஸ்ஸில் பண்டாரவளை. மரக்கறித் தோட்டங்கள் படிப்படியாக இறங்கும் வெலிமடைப் பக்கத்தை நகரத்தைவிட எனக்குப் பிடிக்கும்.

இறக்கம்

எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வீதியை ஏற்றத்தைவிடக் கவனமாக எடுங்கள். பைக்கில் இரண்டாம் கியரிலேயே இறங்க வேண்டும், பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஸ்கூட்டிக்கு இஞ்சின் இழுவை குறைவு. ஆகவே இராவணன் நீர்வீழ்ச்சியடியில் கட்டாயம் நிறுத்தி, கால் மணி ஆறவிடுங்கள். நிறுத்துவதற்கு அதைவிட நல்ல இடமும் இல்லை. வழுக்குக் கல்லில் ஏறிக் குளிக்க வேண்டாம்.

வெல்லவாயவில் வெக்கை திரும்பவும் வந்துவிடும். சுவெற்றரைப் பைக்குள் போட்டுவிட்டு புத்தல, மொனராகலை, சியம்பலாண்டுவ. இங்கே தமிழ் குறையும். “கீயத?” என்றால் எவ்வளவு, “பஹினவா” என்றால் இறங்கப்போகிறேன். இந்த இரண்டும் “அய்யே” என்ற அழைப்பும் இருந்தால் சமாளிக்கலாம்.

சியம்பலாண்டுவவில் இரண்டு தெரிவு. இடப்பக்கம் திரும்பினால் இங்கினியாகலை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் கட்டிய சேனநாயக்க சமுத்திரம் அங்கே, நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கம். வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில் ரிக்கற் எடுத்துப் படகில் போகலாம். யானைகள் தீவிலிருந்து தீவுக்கு நீந்துவதைப் பார்க்க விடியலும் பின்னேரமும்தான் நேரம். படகுக் காசு ஆளாளுக்குப் பிரிந்தால்தான் கட்டுப்படியாகும், நாலைந்து பேர் சேருங்கள். அங்கிருந்து அம்பாறை கிட்ட.

நேரே போனால் லகுகல. வீதியோரத்திலேயே குளம், புல்லுக்குள் யானை. பஸ் யன்னலிலிருந்தே தெரியும். பைக்காரருக்குப் புல்லுமலையில் சொன்ன எல்லாம் இங்கேயும். மூன்று மணிக்குள் லகுகலையைத் தாண்டிவிட்டால் பொத்துவிலில் அந்திக்கு அறுகம்பைக் கடலைப் பார்க்கலாம். சித்திரையிலிருந்து ஐப்பசி வரை அலைச்சறுக்குப் பருவம், அறுகம்பையில் அறை விலை கூடும். பொத்துவில் நகரத்துக்குள் தேடினால் குறைவு.

கடைசி நாள் அவசரப்பட வேண்டாம். கோமாரி தாண்டித் திருக்கோவிலில் கடலோரத்துச் சித்திரவேலாயுத சுவாமி கோயில். அக்கரைப்பற்றில் மத்தியானச் சாப்பாடு. சாரம் வாங்க வேண்டுமென்றால் மருதமுனையில் தறி ஓடும் சத்தம் கேட்கும் ஒழுங்கைக்குள் போய் நெசவுகாரரிடமே எடுக்கலாம். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் அடிக்கடி பஸ் உண்டு.

போனில் போட்டு வைக்க வேண்டிய இலக்கங்கள்: பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச வாரியாக வெளியிடும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலை. செம்மஞ்சள் வந்தாலே அந்தப் பகுதியில் இரவு தங்காமல் பண்டாரவளை, பதுளை மாதிரி நகரத்துக்குள் வந்துவிடுங்கள். பைக்கில் போனவர்கள் வீட்டுக்கு வந்த கிழமையே பிரேக் கட்டையைத் திரும்பவும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், ஓர் இறக்கத்திலேயே நிறையத் தேய்ந்திருக்கும்.